வன்னியில் மேளம் வாசித்துப் பிழைக்கலாமா?

தங்கச்சி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நோர்வேயில் ரிசோர் என்ற சின்னக் கரையோர ஊரில் கோடையில் நடக்கும் சேம்பர் மியூசிக் விழாவுக்கு, அதாவது சின்னக் குழுவாகச் சேர்ந்து வாசிக்கும் வெள்ளைக்காரரின் இசை விழாவுக்கு, போயிருக்கிறீர்கள். அங்கே தந்த நிகழ்ச்சிப் புத்தகத்தில் வயலின், வயோலா, செல்லோ வாசித்த ஒவ்வொருவரும் எங்கே படித்தார், எந்தப் போட்டியில் வென்றார், இப்போது எங்கே வாசிக்கிறார் என்று எல்லாம் இருந்தது. பிறகு வைகாசியில் ஊருக்கு வந்து வட்டாப்பளை அம்மன் கோவில் பொங்கல் பார்த்துவிட்டு, முள்ளியவளைப் பக்கம் ஒரு கோவிலின் இரவுத் திருவிழாவில் விடியும் மட்டும் நின்று மேளம் கேட்டிருக்கிறீர்கள். வாசித்தவர்கள் யார் என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டால், "யாழ்ப்பாணத்துச் செற்" என்பதற்கு மேல் பதில் இல்லை. இவர்கள் எப்படி இந்த நிலைக்கு வருகிறார்கள், திருவிழா இல்லாத மாதங்களில் எப்படிச் சீவிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், முள்ளியவளையில் இருக்கும் உங்கள் 12 வயதுப் பெறாமகன் தவில் பழக ஆசைப்படுகிறான் என்று ஒரு சொல் எழுதியிருக்கிறீர்கள். மற்றக் கேள்விகள் எல்லாம் அந்த ஒரு வரிக்காகத்தான் என்று நினைக்கிறேன். பிள்ளையை இதில் விடலாமா, விட்டால் நாளைக்குச் சாப்பிடுவானா?

நான் தவில்காரன். அப்பா நாதஸ்வரம் வாசித்தார், உருத்திரபுரத்தில் வயலும் செய்தார். 1978இல், 11 வயதில், என்னை அளவெட்டிக்குக் கொண்டுபோய் ஒரு குருநாதரிடம் விட்டார். அன்றிலிருந்து இன்றுவரை இதுதான் தொழில். தவிலைப் பற்றியும், நாதஸ்வரமும் தவிலும் தாளமும் சேர்ந்து வாசிக்கும் குழுவான செற்றைப் பற்றியும் நான் சொல்வதை நீங்கள் நம்பலாம். நாதஸ்வரத்தின் மூச்சும் விரலும் பக்கத்தில் இருந்து கண்டவை மட்டுமே. வெள்ளைக்காரரின் இசையைப் பற்றிச் சொல்லப்போவது, நோர்வேயில் பேர்கன் நகரில் வயோலா படிக்கும் என் மருமகள் சொல்லித் தெரிந்தவை.

அவள் சொன்னதில் முக்கியமான ஒன்று, கோடை விழாவை நம்பி அங்கேயும் எவரும் சீவிப்பதில்லை. வருடத்தின் மிச்சக் காலம் ஓர்க்கெஸ்ட்ராவில் சம்பளத்துக்கு வாசிப்பார்கள், கல்லூரியில் படிப்பிப்பார்கள், வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். கோடையில் ஓர்க்கெஸ்ட்ராக்கள் ஓயும் நாட்களில் மூன்று பேர், நான்கு பேர், ஐந்து பேராகச் சேர்ந்து, தங்களுக்குப் பிடித்ததை வாசிக்க இப்படியான சின்ன ஊர்களுக்குப் போவார்கள். நீங்கள் பார்த்த ரிசோர் விழா 1991இல் தொடங்கியதாம். லெய்ஃப் ஊவே ஆண்ட்ஸ்னெஸ் என்ற பெரிய பியானோ வித்துவான் பல வருடம் அதை முன்நின்று நடத்தினாராம். அமெரிக்காவில் மார்ல்பரோ என்று ஒரு கோடை விழா 1951 முதல் நடக்கிறது. அங்கே பழக்கமான நான்கு பேர் 1964இல் குவார்னேரி குவார்ட்டெற் என்று ஒரு செற் அமைத்து 2009 வரை, 45 வருடம், சேர்ந்தே வாசித்திருக்கிறார்கள். இவ்வளவு காலத்திலும் செல்லோ வாசித்தவர் ஒருவர் மட்டும்தான் மாறினாராம். இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் எங்கள் தொழிலின் உயிரும் அதுதான். தனி ஆளாக ஒருவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், செற் இல்லாவிட்டால் மேளகாரன் இல்லை.

எங்கள் ஆட்கள் மேலே வரும் விதத்தில் சான்றிதழ் கிடையாது. தாளத்தில்தான் எல்லாம் தொடங்கும். முள்ளியவளையில் நீங்கள் பார்த்த செற்றிலும், தவில்காரர் இருவருக்கும் நடுவில் ஒரு சின்னப் பெடியன் நித்திரை தூங்கிக்கொண்டே தாளம் தட்டிக்கொண்டு நின்றிருப்பான். அவனை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த இரவில் அதிகம் படித்தவன் அவன்தான். நானும் மூன்று வருடம் தாளம் மட்டும் போட்டேன். பகலில் குருநாதர் வீட்டில் தவிலுக்குப் பதிலாக ஒரு மரக்கட்டையில் கழியால் சாதகம். விடியற்காலை நாலு மணிக்கு எழும்பி "தத் தித் தொம் நம்" என்று வாயால் சொல்லிக்கொண்டே கட்டையில் தட்ட வேண்டும். இரவில் கோவில். மல்லாரி தொடங்கும்போது தாளம் ஒரு மயிரிழை விலகினாலும் குருநாதர் திரும்பிப் பார்ப்பார், வாய் திறக்க மாட்டார். அந்தப் பார்வைக்குப் பயந்து பழகிய தாளம் இன்றைக்கும் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

சாமி புறப்படும்போது வாசிப்பது மல்லாரி, கம்பீர நாட்டையில். தேருக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒன்று, நைவேத்தியத்துக்கு ஒன்று என்று வேறு வேறு இருக்கிறது. வெளிவீதியில் சாமி ஆறுதலாக நகரும்போதுதான் ராகம் விரியும். வீதியின் மூலையில் சாமியை நிறுத்தி நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தை அரைமணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் வாசிப்பார். பிறகு தவில்காரர் மட்டும் வாசிக்க எங்களுக்குத் தனி விடுவார். விடியப்புறம் பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி. இதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தராது. எந்த மூலையில் காற்று எதிர்த்து அடிக்கும், அன்றைய திருவிழாச் செலவை ஏற்ற எந்த உபயகாரர் சினிமாப் பாட்டுக் கேட்பார், எந்த ஊரில் கிழவர்கள் தோடியைக் கேட்கக் கதிரை போட்டு இருப்பார்கள் என்பதையெல்லாம் கூடப்போய்த்தான் படிக்க வேண்டும்.

தவிலின் வலந்தலையை வாசிக்கும் விரல்களில் வெள்ளையாகத் தொப்பி போல மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கூடு என்போம். துணியைக் கீலம் கீலமாகக் கிழித்து, பசையில் தோய்த்து, ஒவ்வொரு விரலின் அளவுக்கும் சுற்றிக் காயவைத்துச் செய்வது. ஒருவரின் கூடு மற்றவருக்குச் சரிவராது. இடது பக்கத்துக்குப் பூவரசங் கழி. புதிதாகப் பழகுபவனுக்கு முதல் ஆறு மாதமும் கூட்டுக்குள் விரல் வெடிக்கும், இரத்தம் வரும், கையைப் பொத்த முடியாது. உங்கள் பெறாமகனுக்கு இதை முதலிலேயே சொல்லுங்கள். ஒளிக்க வேண்டாம். நாதஸ்வரக்காரருக்கு உயிர் சீவாளியில், குழலின் வாயில் செருகி ஊதும் நாணல் துண்டில். குழலில் ஒரு நூலில் இரண்டு மூன்று சீவாளியும் ஒரு மெல்லிய குச்சியும் தொங்குவது அலங்காரத்துக்கு இல்லை. சோளகக் காற்றில் சீவாளி காய்ந்து இறுகும், மழைக்காலத்தில் ஊறித் தளரும். ஒரே இரவில் மூன்று தரம் மாற்றியதைப் பார்த்திருக்கிறேன். நல்ல குழல் கும்பகோணத்துப் பக்கம் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைவது, சீவாளி திருவாவடுதுறையில் கட்டுவது. இந்தியாவுக்குப் போகிறவர் எவரிடமாவது சொல்லிவிட்டு வரும்வரைக்கும் காத்திருக்க வேண்டும். கடல் தாண்டி வரும் அந்தச் சின்ன நாணல் துண்டு நின்றுபோனால் வன்னியில் ஒரு கோவிலிலும் நாதஸ்வரம் இல்லை.

சரி, வருமானத்துக்கு வருவோம். பங்குனி தொடக்கம் ஆவணி வரைக்கும் கோவில்களில் வேலை இருக்கும். அதற்குள் ஆடியில் கல்யாணம் இல்லை. ஆனால் ஆடிப்பூரம், ஆடி அமாவாசை என்று கோவில்கள் பிடித்துக்கொள்ளும், யாழ்ப்பாணத்தில் நல்லூரின் 25 நாளும் அதை ஒட்டியே வரும். புரட்டாசியில் நவராத்திரி. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் மழை வெளுத்து வாங்கும், தவில் தோல் ஊறி நாய் குரைத்த மாதிரிச் சத்தம் வரும், வேலையும் குறைவு. அப்போது நானும் என் தம்பியும் வயலுக்குள் நிற்போம். மார்கழியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் திருவெம்பாவைப் பத்து நாளும் விடியற்காலை கோவிலில் நிற்க வேண்டும். தை பிறந்தால் மறுபடி கல்யாணம், குடிபுகுதல், பூப்புனித நீராட்டு.

இதில் காசு தருவது கல்யாணம். இரண்டு மூன்று மணித்தியாலம் வாசித்துவிட்டு, கெட்டிமேளம் கொட்டிவிட்டு, சாப்பிட்டுக் காசோடு வீட்டுக்கு வரலாம். திருவிழாவில் இரவிரவாக நின்று வாசித்தாலும் மணிக்கணக்குப் பார்த்தால் கல்யாணத்தின் பங்கு வராது. அப்படியிருந்தும் எந்த மேளகாரனும் கல்யாணத்துக்காகத் திருவிழாவை விடமாட்டான். திருவிழாவில்தான் கேட்கிற சனம் நிற்கும். அங்கே ஒரு நல்ல தனி வாசித்தால் அடுத்த வருடம் ஐந்து ஊரிலிருந்து அச்சாரம் வரும். கல்யாண மண்டபத்தில் நீங்கள் எவ்வளவு நுட்பமாக வாசித்தாலும் பந்திக்கு ஆள் ஓடிக்கொண்டிருக்கும். எங்களுக்குப் பெயர் திருவிழாவில், சோறு கல்யாணத்தில்.

காசைப் பங்கு பிரிப்பதிலும் ஒழுங்கு இருக்கிறது. செற்றைக் கொண்டுநடத்துபவர், பெரும்பாலும் முதல் நாதஸ்வரம், பேசி வாங்குவார். அவருக்கும் முதல் தவிலுக்கும் கூட, மற்ற இருவருக்கும் அதற்குக் கீழே, தாளக்காரனுக்குக் கைச்செலவு. வாகனச் செலவு பொதுவில் கழியும். கணக்கை வெளிப்படையாகக் காட்டும் தலைவரிடம் செற் இருபது வருடம் நிற்கும். மறைத்தால் இரண்டு சீசனில் உடையும். நான் இரண்டு தரம் உடைந்து வந்தவன். இரண்டு தரமும் வாசிப்பில் பிழை இல்லை, கணக்கில்தான் பிழை. கோவில் பக்கத்திலும் வேதனைகள் உண்டு. ஒரு கோவிலில் பத்து நாளும் வாசித்து முடித்த பிறகு, கடைசி இரண்டு நாளின் உபயகாரர் தரவில்லை என்று சொல்லி எங்களை வெறுங்கையோடு அனுப்பினார்கள். இன்னொரு இடத்தில் எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு, மடத்தின் பின்பக்கத்தில் எங்களுக்கு இலை போட்டார்கள். காரணம் சாதி. ஒளித்து எழுத மாட்டேன். இப்போது அது குறைந்திருக்கிறது, முற்றாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். உங்கள் பெறாமகன் மேளகாரக் குடும்பம் இல்லாமல் வருகிறான் என்றால் அவனுக்கு வேறு மாதிரியான கேள்விகள் வரும், "உனக்கேன் இந்த வேலை" என்று சொந்தக்காரரே கேட்பார்கள். பரம்பரை இல்லாமல் வந்து நன்றாக வாசிக்கும் பிள்ளைகள் என்னிடமே இருவர் இருக்கிறார்கள். கைக்குச் சாதி தெரியாது.

"யாழ்ப்பாணத்துச் செற்" என்று உங்களுக்குக் கிடைத்த பதிலுக்கும் ஒரு கதை இருக்கிறது. அளவெட்டி, இணுவில், சாவகச்சேரி போன்ற ஊர்களில்தான் பெரிய மேளக் குடும்பங்கள் இருந்தன. உலகம் அறிந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி அந்த மண்ணில் பிறந்தவர். 1933இல் பிறந்து 1975இல், 41 வயதில் போய்விட்டார். நான் பழகப் போனபோது அவர் இல்லை, குருநாதர் வீட்டு ஒலிநாடாவில்தான் கேட்டேன். அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தை நல்லூரில் நின்று கேட்ட இரவுகள் இன்னும் காதில் இருக்கின்றன. வன்னி ஊர்கள் பலவற்றில் முதலில் இருந்தவை பொங்கலும் மடையும் பறையும் உடுக்கும். வட்டாப்பளையில் நீங்கள் கேட்ட பறையை வாசிப்பவர்களின் வாழ்க்கை எங்களுடையதை விடக் கடினமானது, அதற்குத் தனியாக எழுத வேண்டும். கொடியேற்றித் தேர் இழுக்கும் கோவில்கள் பெருகப் பெருகத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து செற்றுகள் வரத் தொடங்கின. 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது பல மேளகாரர் குடும்பத்தோடு வன்னிக்கு வந்தார்கள். அந்த நெருக்கடிக்குள்ளும் எங்கள் பிள்ளைகளுக்கு அது ஒரு கல்லூரி மாதிரி ஆனது. 2006 ஆவணியில் யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் இணைக்கும் ஏ9 பாதை மூடியபோது யாழ்ப்பாணத்துச் செற் வரவே முடியாது, எங்கள் கோவில்களுக்கு நாங்களே வாசித்தோம். வன்னிக்கென்று செற்றுகள் உருவானது அப்போதுதான்.

2009இல், போரின் கடைசியில், எல்லாம் போனது. நான் என் தவிலைத் தோளில் போட்டுக்கொண்டு கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், அங்கிருந்து புதுக்குடியிருப்பு வரை கொண்டுபோனேன். பலாமரத்தில் அப்பா செய்வித்துத் தந்தது. புதுக்குடியிருப்பில் பதுங்குகுழிக்குள் பிள்ளைகளை இறக்க வேண்டும், தவிலை இறக்க இடம் இல்லை. வெளியே விட்டேன். கழியை மட்டும் இடுப்பில் செருகியிருந்தேன், அது இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த வவுனியா மெனிக்பாம் முகாம் வரைக்கும் வந்தது. முகாமில் ஒரு தகரப் பேணியைக் கவிழ்த்துவைத்து நாலைந்து பெடியளுக்குச் சொற்கட்டுச் சொல்லிக்கொடுத்தேன். அவர்களில் ஒருவன் இன்று என் செற்றில் இரண்டாம் தவில். என் வயதுக்காரருக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு தலைமுறையையே காணவில்லை. வன்னியில் மேளம் குறைவாக இருப்பதற்குப் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். சொல்லிக்கொடுக்க வேண்டிய வயதில் இருந்தவர்கள் இல்லை, அதுதான் காரணம்.

இனி வரும் காலத்தைப் பற்றிச் சொல்வதில் உறுதி குறைவு, என் அனுபவத்தின் ஊகம் என்று எடுங்கள். சின்னக் கல்யாணங்களில் இப்போது கெட்டிமேளத்தையே பதிவுசெய்து ஒலிபெருக்கிப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள், இது கூடும் என்று பயப்படுகிறேன். மறுபக்கத்தில், புலம்பெயர்ந்த நாடுகளில் கோவில்கள் எழும்பிவிட்டன. ஜேர்மனியில் ஹம் காமாட்சி அம்பாள் கோவில் 2002இல் கட்டி முடிந்தது, கோடையில் தேர் ஓடுகிறது. லண்டன், கனடா, சுவிஸ், உங்கள் நோர்வே என்று எல்லா இடத்திலும் திருவிழா பெரும்பாலும் எங்கள் ஆனி, ஆடி, ஆவணியில்தான் வருகிறது, அங்கே வெயில் அப்போதுதானே. அதனால் முதல் வரிசைச் செற்றுகள் அந்த மாதங்களில் வெளிநாடு போகின்றன. ஊர்க் கோவில்களுக்கு ஆள் தட்டுப்பாடு வருகிறது, அந்த இடைவெளியில் இளம் செற்றுகளுக்குப் பெரிய திருவிழா கிடைக்கிறது. என்னிடம் பழகிய பெடியள் முதல் முதல் தேருக்கு வாசித்தது அப்படித்தான். விசா கிடைத்தால் ஒரு கோடையில் ஊரில் இரண்டு வருடம் உழைப்பதை உழைக்கலாம். ஆனால் விசாவை நம்பித் தவிலைத் தூக்கக் கூடாது.

உங்கள் பெறாமகனுக்கு வருவோம். 12 வயது பிந்திய வயது இல்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்த விடாதீர்கள். எங்கள் காலத்தில் படிப்பை நிறுத்தித்தான் பழக அனுப்பினார்கள். என் கையில் தவிலைத் தவிர வேறொன்றும் இல்லாமல் போனது அதனால்தான். சாதாரணதரப் பரீட்சைக்குக் கர்நாடக சங்கீதத்தைப் பாடமாக எடுக்கட்டும். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம் படித்தவர்களுக்கு மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் பெயரிலான கலைப் பீடம், பட்டம், அப்புறம் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை என்று ஒரு பாதை இருக்கிறது. தவிலுக்கு அப்படி ஒரு நேரான பாதை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆகவே தவிலோடு பாட்டையும் படிக்கட்டும். மாதச் சம்பளம் ஒன்று கையில் இருந்தால் கேவலமாகப் பேசும் கோவிலுக்கு "வரமாட்டேன்" என்று சொல்லலாம். எனக்கு அப்படிச் சொல்ல முடிந்ததே இல்லை.

அவனுக்குக் குரு தேடும்போது வாசிப்பை மட்டும் பார்க்காதீர்கள். அவர் ஒரு செற்றோடு நிற்கிறாரா, எத்தனை வருடமாக அதே ஆட்களோடு வாசிக்கிறார், தாளக்காரப் பெடியனுக்கு நேரத்துக்குச் சாப்பாடு கொடுக்கிறாரா என்று பாருங்கள். மூன்றாவது மற்ற இரண்டையும் சொல்லிவிடும். யூரியூப்பைப் பார்த்து வேகமாக அடிக்கப் பழகும் பிள்ளைகள் இப்போது நிறைய. கை ஓடுகிறது, நாதஸ்வரத்தைக் கேட்கும் காது இல்லை. ராகம் போகும்போது தவில்காரன் கையைக் கட்டிக்கொண்டு அரைமணித்தியாலம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அந்தப் பொறுமை வராதவனை எந்தச் செற்றிலும் இரண்டாம் முறை கூப்பிட மாட்டார்கள்.

தவில் வாங்க அவசரப்பட வேண்டாம். வரும் வைகாசியில் முள்ளியவளைப் பக்கம் இரவுத் திருவிழாவுக்கு எந்தச் செற் வந்தாலும், முதல் தவில்காரரிடம் பெரியவர் ஒருவரோடு போய், "தம்பி இன்றைக்குப் பக்கத்தில் நிற்கட்டுமா" என்று கேளுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள். தாளத்தைக் கையில் கொடுத்தாலும் கொடுப்பார்கள். முதல் இரவு தவிலுக்கு அவ்வளவு கிட்ட நிற்பவனுக்குக் காது இரைந்துகொண்டே இருக்கும், ஆகவே கொஞ்சம் பஞ்சு கொண்டுபோகட்டும். விடிய நாலு மணிக்கு, சாமி இருப்புக்கு வரும் நேரத்தில், அவன் பஞ்சைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்கிறானா, மடத்துத் திண்ணையில் படுத்துவிட்டானா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.